சிவப்பு வாலும் செடித் தொட்டியும்

கப்பி மீனையும் ஷார்க்கையும் ஒரே கவர்ல போட்டு ரப்பர் பேண்ட் மாட்டிக் குடுக்குற கடைக்காரங்க மேல எனக்கு எப்பவுமே கோவம் உண்டு. இந்த வாரம் அப்படி ஒரு கவர் எங்க வீட்டுக்கே வந்துடுச்சு.

அண்ணன் பையன். ஏழாவது படிக்கிறான். சைக்கிளுக்கு ஸ்டாண்டு கூடப் போடல, வாசல்ல இருந்தே கத்துறான்.

"அத்தை, ஷார்க் வாங்கியாந்துட்டேன்!"

உள்ள பாத்தா நாலஞ்சு கப்பி, ரெண்டு சாம்பல் நிறக் குட்டி. அவன் வீட்டுல இருக்குறதோ டேபிள் மேல வைக்கிற சின்னத் தொட்டி.

"இது எவ்ளோ பெருசாகும்னு கேட்டியாடா?"

"இதே சைஸ்லயேதான் இருக்குமாம் அத்தை. தொட்டி சின்னதா இருந்தா மீனும் சின்னதாவே இருந்துக்குமாம்."

எந்த ஊரு மீன் கடைக்குப் போனாலும் இந்த ஒரே வசனம்தான். மக்களே, நம்பாதீங்க. சின்னத் தொட்டியில கழிவு சேர்ந்து, தண்ணி கெட்டு, மீன் வளர முடியாம குறுகிப்போயி, ஆயுசுல பாதி கூடத் தாண்டாம செத்துப்போகும். அதைத்தான் "சைஸ் அப்படியே இருக்கும்"னு சொல்லி விக்கிறாங்க.

அந்த ரெண்டு சாம்பல் குட்டி என்னன்னு சொல்றேன். உடம்புல செதில் கிடையாது. வாய் ஓரத்துல மீசை. நீளவாக்குல கருப்புப் பட்டை, வெளிச்சம் பட்டா அது நீலமா மினுங்கும். அது கெளுத்தி ஜாதி. பங்காசியஸ்! ஓட்டல்ல பாசா ஃபிஷ் ஃபிங்கர்னு முள்ளே இல்லாம வெள்ளை வெளேர்னு ஒரு துண்டு தர்றாங்களே, பெரும்பாலும் இதோட சதைதான் அது. மேகாங் ஆத்து மீன். 130 சென்டிமீட்டர் நீளம், 44 கிலோ எடை வரைக்கும் வளரக்கூடியது. ஆந்திராவுல ஏக்கர் கணக்குல குளம் வெட்டி இதை வளர்த்து விக்கிறாங்க.

130 சென்டிமீட்டர்னா நாலேகால் அடி. வாங்கிட்டு வந்த பையனோட உயரத்துக்குக் கிட்ட வந்துடும்.

அதான் உட்கார்ந்து எழுதிடலாம்னு ஆரம்பிச்சேன். ஏன்னா எங்கிட்டயும் ஒரு ஷார்க் இருக்கு. செடி அடர்ந்த தொட்டியில, மத்த மீனுங்களோட சேர்ந்து, அமர்க்களமா இருக்கு. "உங்க வீட்டு ஷார்க் மட்டும் எப்படிங்க சண்டை போடாம இருக்கு?"னு கேக்குறவங்களுக்கும் சேர்த்துத்தான் இது.

மொதல்ல ஆளை அடையாளம் பாத்துக்கலாம். நம்ம பக்கம் கடைகள்ல "ஷார்க்"னு சொல்லி விக்கிற மீன்ல முக்கியமா நாலு ரகம் இருக்கு. நாலுல ஒண்ணு கூட சுறா இல்ல. முதுகுத் துடுப்பு முக்கோணமா நிக்குறதைப் பாத்து வெச்ச வியாபாரப் பேரு. சுறாவுக்கு எலும்பே கிடையாது, எல்லாம் குருத்தெலும்பு. இதுங்களுக்கு நல்லாவே முள்ளு இருக்கு.

ஒண்ணு, மேல சொன்ன பங்காசியஸ். வீட்டுத் தொட்டிக்கு ஆகவே ஆகாது. பேச்சே இல்ல.

ரெண்டாவது, சில்வர் ஷார்க். பாலா ஷார்க்னும் சொல்லுவாங்க. வெள்ளி மாதிரி செதில், துடுப்பு ஓரமெல்லாம் கருப்பு மை தீட்டின கணக்கா இருக்கும். சாது. ஆனா ஒரு அடிக்கு மேல வளரும். கூட்டமா இருந்தாத்தான் தைரியமா இருக்கும். அப்போ எவ்ளோ பெரிய தொட்டி வேணும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கங்க. ஆறு அடிக்குக் குறைஞ்ச தொட்டி வெச்சிருக்கவங்க இதைக் கண்ணால பாத்துட்டு வந்துடுங்க, போதும்.

மூணாவது, ரெயின்போ ஷார்க். சாம்பல் உடம்பு, எல்லாத் துடுப்பும் சிவப்பு. கண்ணுல இருந்து மூக்கு நுனி வரைக்கும் ஒரு கருப்புக் கோடு ஓடும். இதுலயே வெள்ளை உடம்புக்காரனும் உண்டு.

நாலாவதுதான் என்னோட ஆளு. ரெட் டெயில் ஷார்க். வெல்வெட் துணி மாதிரி கன்னங்கரேல்னு உடம்பு, வால் மட்டும் ரத்தச் சிவப்பு. முதுகுத் துடுப்பு நுனியில சின்னதா ஒரு வெள்ளைப் புள்ளி. வளர்ந்தா அரை அடிக்குள்ள நின்னுடும். கடைசி ரெண்டுக்கும்தான் "கோவக்காரன்"னு பேரு. நாலு அடித் தொட்டியில வெச்சுக்க முடியுறதும் அந்த ரெண்டு மட்டும்தான்.

இந்த ரெட் டெயில் பத்திக் கொஞ்சம் சொல்லியே ஆகணும். (செடி பத்தி மட்டும் படிக்க வந்தவங்க ரெண்டு பத்தி தாண்டிப் போயிடலாம். ஆனா தாண்டாதீங்க.)

இது தாய்லாந்து மீன். சாவோ பிரயா ஆத்துப் படுகையில மட்டும் இருந்தது. ஹியூ ஸ்மித்னு ஒரு அமெரிக்க மீனியல் ஆளு, அப்போ சியாம் அரசாங்கத்துக்கு மீன்வளத் துறையைக் கட்டிக் குடுத்தவரு, 1931-ல இதுக்கு லேபியோ பைகலர்னு பேரு வெச்சாரு. லேபியோ! நாம குழம்பு வெக்கிற ரோகு யாரு? லேபியோ ரோகிட்டா. நம்ம காவிரியோட சொந்த மீனான கருமுழிக் கெண்டை யாரு? லேபியோ கோன்டியஸ். பின்னாடி ரெட் டெயிலை வேற பேரினத்துக்கு மாத்திட்டாங்க, ஆனா ஒரே குடும்பம்தான், கெண்டைக் குடும்பம். ஒகேனக்கல் பரிசல் துறையில எண்ணெய்ச் சட்டியில பொரியுறதும் என் வீட்டுக் கூடத்துல நீந்துறதும் சொந்தக்காரங்க.

இன்னொண்ணு தெரியுமா? 1996-ல இந்த மீன் ஆத்துல அழிஞ்சே போச்சுன்னு உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தோட சிவப்புப் பட்டியல்ல எழுதிட்டாங்க. அணை கட்டினாங்க, சதுப்பு நிலத்தை வடிச்சாங்க, மீனுக்கு இடம் போச்சு. அப்புறம் மிச்சம் மீதி இருக்குறது தெரிஞ்சு, 2011-ல "மிக அபாய நிலை"ன்னு திருத்தினாங்க. ஆத்துல விரல் விட்டு எண்ணுற நிலைமை. ஆனா உலகம் பூரா கடைகள்ல கிடைக்குது! எல்லாம் பண்ணையில ஹார்மோன் ஊசி போட்டு இனப்பெருக்கம் பண்ணினது. அந்த ஊசி சமாச்சாரத்துல நம்ம நாட்டுக்கும் பெருமை இருக்கு. 1957 ஜூலை 10-ஆம் தேதி ஒடிசாவுல ஹீராலால் சவுத்ரி, அலிக்குஞ்ஞி ரெண்டு பேரும் நம்ம கெண்டை மீனுக்கு பிட்யூட்டரிச் சாறை ஊசியில ஏத்தி முட்டை விட வெச்சாங்க. இன்னைக்கும் ஜூலை 10 தேசிய மீன் விவசாயிகள் தினம். அந்த வழியிலதான் குளத்து ரோகுவும் பொழைக்குது, கண்ணாடித் தொட்டி ரெட் டெயிலும் பொழைக்குது.

அதனாலதான் இந்த மீனை "ரவுடி"ன்னு சொல்லித் தூக்கி எறியுறதைக் கேட்டா எனக்கு மனசு தாங்காது. சொந்த ஆத்துலயே இடமில்லாமப் போன ஜீவன். தொட்டியிலயாவது சரியா வெச்சுக்கணும்ல?

சரி, சண்டைக்கு வருவோம்.

இது ஏன் துரத்துது? பசிக்கு இல்ல. இது பாசி சுரண்டித் தின்னுற மீன். வாய் கீழ்ப்பக்கமா இருக்கும், உதட்டுல குஞ்சம் மாதிரி மடிப்பு. அதை வெச்சு அடுத்த மீனைக் கடிச்சுத் தின்ன முடியாது. துரத்துறது முழுக்க முழுக்க இடத்துக்காக. பாசி படிஞ்ச கல்லு, ஒளிஞ்சுக்க ஒரு பொந்து, இது ரெண்டும் இருக்குற இடத்தைத் தன்னோட பட்டான்னு நெனச்சுக்கும். அந்தப் பக்கம் வர்றவனைத் தொரத்தும். வர்றவனும் அடியில மேயுறவனா இருந்தா, இல்ல தன்னைப் போலவே உடம்பு வாகும் சிவப்பு வாலும் இருந்தா, கோவம் ரெட்டிப்பாகும்.

பல பேரு தொட்டி எப்படி இருக்கு? நடுவுல ஒரு பிளாஸ்டிக் கோட்டை, ஓரத்துல ரெண்டு செடி, மத்தபடி பளிங்கு மாதிரி வெட்டவெளி. இந்தக் கோடியில நிக்கிற மீனுக்கு அந்தக் கோடியில இருக்குற எல்லாரும் தெரியுறாங்க. அப்போ மொத்தத் தொட்டியும் அதோட பட்டா ஆயிடுது. துரத்திக்கிட்டே இருக்கும். துரத்தப்பட்ட மீனு பொதுவா கடிபட்டுச் சாகுறதில்ல. மூலையில ஒடுங்கி நின்னு, தீவனத்துக்கு வர பயந்து, நோய் வந்து சாகும்.

வயலுக்கு வரப்பு போட்டா பங்காளிச் சண்டை குறையும்ல? தொட்டிக்குள்ள செடிதான் வரப்பு. நான் இந்தப் பதிவுல சொல்ல வர்றதே இது ஒண்ணுதான். செடியை அழகுக்கு வெக்காதீங்க, பார்வையை மறைக்க வெங்க.

என் தொட்டி நாலு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். தண்ணி மட்டும் 250 லிட்டர் சொச்சம், அதாவது கால் டன் எடை. (ஸ்டாண்டு அடிக்கும்போது வெல்டிங் பட்டறை அண்ணன் கிட்ட இந்தக் கணக்கைச் சொல்லிட்டுத்தான் இரும்பு வாங்கினேன். நீங்களும் சொல்லிடுங்க.) இதை மூணு அறையாப் பிரிச்சிருக்கேன். இடது பக்கம் ஒரு பெரிய வேர்க் கட்டை, அது மேல அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் கட்டியிருக்கேன். நடுவுல பின்பக்கத்துல இருந்து முன்கண்ணாடியைத் தொடுற அளவுக்கு வாலிஸ்னேரியா, வரிசையா, நாணல் காடு கணக்கா. வலது பக்கம் கல்லு அடுக்கி ரெண்டு மூணு பொந்து, அதைச் சுத்தி ஹைக்ரோஃபிலா. எந்த மூலையில நின்னு பாத்தாலும் எதிர் மூலை தெரியக் கூடாது. நீங்க தொட்டி பக்கவாட்டுல கண்ணை வெச்சுப் பாருங்க. உங்களுக்குத் தெரிஞ்சா மீனுக்கும் தெரியும்.

ரெட் டெயில் வேர்க் கட்டைக்கு அடியில குடியேறிடுச்சு. ஒரு நாள் சாயங்காலம் பூரா நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பாத்தேன். டைகர் பார்ப் ஒண்ணு கூட்டத்துல இருந்து பிரிஞ்சு கட்டைப் பக்கம் வருது. ரெட் டெயில் உடனே பாயல. மொதல்ல உடம்பைப் பக்கவாட்டுல திருப்பிக் காட்டுது, முதுகுத் துடுப்பை நட்டமா நிமிர்த்துது, வால் இன்னும் ஒரு சாயல் சிவந்த மாதிரி இருக்கு. பார்ப் நகரல. அப்புறம்தான் ஒரு சீறு! பார்ப் வாலிஸ்னேரியாவுக்குள்ள பூந்துடுச்சு. ரெட் டெயில் அந்த முதல் இலை வரைக்கும் வந்துச்சு, நின்னுச்சு, திரும்பிப் போயி கட்டையைச் சுரண்ட ஆரம்பிச்சுடுச்சு. அவ்ளோதான். எதிராளி கண்ணுல இருந்து மறைஞ்ச அந்த நொடியே சண்டை முடிஞ்சது.

வாலிஸ்னேரியா ரொம்ப மண்டிப்போயி ஒரு தடவை பாதியைக் கழிச்சு விட்டப்போ இதையே தலைகீழாப் பாத்தேன். அதே மீன், அதே கூட்டம். ஆனா துரத்தல் அந்தக் கோடி வரைக்கும் நீண்டுச்சு. புதுக் கன்னுங்க வளந்து இடைவெளி மூடினதும் பழையபடி அடங்கிடுச்சு. மீனோட குணம் மாறல, பார்வை தூரம்தான் மாறுச்சு.

செடியைத் தின்னுடாதான்னு கேப்பீங்க. தின்னாது. இலை மேல படியுற பாசியைத்தான் தின்னும். அனுபியாஸ் இலைக்கு அடியில மல்லாக்கப் படுத்துக்கிட்டு உதட்டால வரி வரியாச் சுரண்டும் பாருங்க, பாத்துக்கிட்டே இருக்கலாம். சுரண்டின இடம் மட்டும் துடைச்சு விட்ட மாதிரி பச்சையா தெரியும். ஆனா கட்டைக்குக் கீழ, கல்லுக்குக் கீழ நுழைஞ்சு நுழைஞ்சு போறதுல இளஞ்செடி புடுங்கிக்கும். அதனாலதான் அதோட எல்லைக்குள்ள கட்டையில கட்டுற செடிங்களா வெச்சேன். (அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் ரெண்டுக்கும் தண்டுக் கிழங்கை மணலுக்குள்ள புதைக்காதீங்க, அழுகிடும். கருப்பு நூல்ல கட்டி விடுங்க, வேரு தானா புடிச்சுக்கும்.)

கல்லு விஷயத்துல நம்ம தர்மபுரி மாவட்டத்துக்காரங்களுக்கு யோகம். சுத்தி எங்க பாத்தாலும் கிரானைட். தண்ணியோட தன்மையை அது மாத்தாது. கூர்முனை இல்லாததாப் பாத்து, கழுவி, தாராளமாப் போடலாம். சேலம் பக்கத்து வெள்ளைக் கல்லை மட்டும் அழகா இருக்கேன்னு எடுத்துப் போட்டுடாதீங்க. அது மாக்னசைட், மக்னீசியம் கார்பனேட். நம்ம தண்ணிக்கு இருக்குற கடினமே போதும்.

தண்ணின்னு சொன்னதும் பெருமூச்சு வருது.

பொம்மிடி, பாப்பிரெட்டிப்பட்டி, மொரப்பூர்னு எங்க போனாலும் போர் தண்ணி உப்புதான். தர்மபுரி மாவட்டம் ஃப்ளோரைடுக்குப் பேர் போனது. குடிதண்ணியில லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல ஃப்ளோரைடு இருக்கக் கூடாதுங்கிறது கணக்கு. அதைத் தாண்டின கிணத்துத் தண்ணி குடிச்சுப் பல்லு பழுப்பேறின ஒரு தலைமுறையே எங்க ஊருப் பக்கம் இருக்கு. அதுக்குத்தான் ஜப்பான் கடனுதவியோட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்துச்சு, 2013-ல தொடங்கி வெச்சாங்க. எங்க தெருக் குழாய்ல காவிரித் தண்ணி வர்றப்போ என் மொதல் பக்கெட் தொட்டிக்குத்தான்னு வீட்டுல எல்லாருக்கும் தெரியும்.

ரெட் டெயிலுக்கு பி.ஹெச். ஆறரையில இருந்து ஏழரை வரைக்கும் இருந்தா சுகம். நம்ம போர் தண்ணி எட்டுக்குப் பக்கத்துல நிக்கும். நான் ஆர்.ஓ. தண்ணியையும் ஒகேனக்கல் தண்ணியையும் கலந்து, டி.டி.எஸ். மீட்டர்ல பாத்து, எப்பவும் ஒரே அளவுல வெச்சுக்கிறேன். அந்த "ஒரே அளவு"தான் முக்கியம். சரியான நம்பரைத் தேடி வாரத்துக்கு ஒரு மருந்து ஊத்துறதை விட, கொஞ்சம் கூடுதலாவே இருந்தாலும் மாறாம இருக்குற தண்ணியில மீன் நிம்மதியா இருக்கும். குழாய்த் தண்ணியில குளோரின் இருக்கும், அதனால ஆன்டி குளோரின் சொட்டு விட்டு அப்புறம்தான் ஊத்தணும்.

கடினத் தண்ணியில செடி வளராதுன்னு சொல்றது பாதிதான் உண்மை. வாலிஸ்னேரியாவும் நம்ம ஏரி வேலம்பாசியும் தண்ணியில கரைஞ்சிருக்குற பைகார்பனேட்ல இருந்தே கரியை எடுத்துக்கும். லைட்டைக் கூட்டி வெச்சா சில நாள்ல வாலிஸ்னேரியா இலை மேல வெள்ளையா ஒரு பொருக்கு படியும், நகத்தால தேச்சா நறநறன்னு வரும். அது நோய் இல்ல. செடி கரியை உறிஞ்சினதுல மிச்சமான சுண்ணாம்பு. எங்க ஊருத் தண்ணிக்குன்னே பொறந்த செடி! கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வாங்கக் காசு இல்லைன்னு யாரும் செடித் தொட்டி ஆசையை விட்டுடாதீங்க. வாலிஸ்னேரியா, வேலம்பாசி, ஹைக்ரோஃபிலா. மூணும் நம்ம நாட்டுத் தண்ணியில வளர்றதுதான். போதும் வரப்புக்கு.

வெயில் காலம் வேற. சேர்வராயன் மலை அடிவாரம்னு பேரு, ஏப்ரல், மே மாசத்துல மலைக்காத்து எங்க போகும்னே தெரியல. தொட்டித் தண்ணி முப்பத்திரண்டைத் தொட்டுடும். சூடு ஏற ஏற தண்ணியில ஆக்சிஜன் குறையும், மீனுக்குச் சிடுசிடுப்பு ஏறும், துரத்தலும் கூடும். தண்ணி மேல காத்துப் படுற மாதிரி ஒரு சின்ன டேபிள் ஃபேன் வெச்சா, ஆவியாகிறதுலயே ரெண்டு மூணு டிகிரி இறங்கிடும். அதுக்காக மூடியைத் திறந்து போட்டுடாதீங்க. இந்த ஷார்க் ரகம் துள்ளிக் குதிக்கும். நான் கொசு வலையைச் சட்டத்துல அடிச்சு மூடியாப் போட்டிருக்கேன். காத்தும் போகும், மீனும் வெளிய வராது. கரண்டு போனா பேட்டரி ஏர் பம்பு. அது இல்லாம இந்த ஊர்ல மீன் வளர்க்க முடியாது.

யாரோட சேர்க்கலாம்? மேல், நடுத் தண்ணியில வேகமா ஓடுறவங்களோட. டைகர் பார்ப் எட்டுப் பத்துக்குக் குறையாத கூட்டம், ஜீப்ரா டேனியோ, ஜயண்ட் டேனியோ, ரோஸி பார்ப். எல்லாம் ஓட்டக்காரங்க. கூட்டமா இருந்தா ஒருத்தர் மேலயே கோவம் விழாது. யாரோட கூடாது? கப்பி (மெதுவா நீந்தும், வால் வேற பாவாடை மாதிரி விரியும்), தங்க மீன், அடியில மேயுற கோரிடோரஸ். இன்னொரு ரெட் டெயில் கூடவே கூடாது. ரெயின்போ ஷார்க்கும் கூடாது. ஒரு தொட்டிக்கு ஒரு ஷார்க். "தனியா இருக்கே, பாவம்"னு ஜோடி சேர்க்குறாங்க சில பேரு. அதுக்குத் தனிமை ஒரு கஷ்டமே இல்ல, ஆத்துலயும் அது தனிக்காட்டு ராஜாதான். ஜோடி சேர்த்தா பலமில்லாதது செத்துப்போகும்.

வரிசையும் முக்கியம். எல்லா மீனையும் விட்டு, அதுங்க அந்த இடத்துக்குப் பழகின பிறகு கடைசியா ஷார்க்கை விடணும். ஏற்கெனவே ஷார்க் இருக்குற தொட்டியில புது மீன் விடுறதா இருந்தா, கல்லு கட்டையெல்லாம் இடம் மாத்திட்டு, லைட்டை அணைச்சுட்டு விடுங்க. பழைய எல்லை அழிஞ்சுபோயி எல்லாருமே புதுசா இடம் புடிப்பாங்க. அப்புறம், சின்னதுல இது ரொம்பச் சாது. ரெண்டு இஞ்ச் குட்டியைப் பாத்துட்டு "என் மீனு சண்டையே போடாது"ன்னு சொல்லாதீங்க. வளரட்டும்.

தீவனத்துக்கு ஒரு வழி வெச்சிருக்கேன். தொட்டியோட ரெண்டு கோடியிலயும் ஒரே நேரத்துல போடுறது. கட்டைப் பக்கம் மூழ்குற ஸ்பைருலினா வில்லை, எதிர்ப் பக்கம் மிதக்குற தீவனம். ஷார்க் வில்லையைப் புடிச்சுக்கிட்டு அங்கேயே இருந்துடும், மத்தவங்க நிம்மதியாச் சாப்பிடுவாங்க. வாரத்துல ரெண்டு நாள் வெள்ளரிக்காய் வில்லை, இல்ல தோலுரிச்ச பச்சைப் பட்டாணி, சுடுதண்ணியில ஒரு கொதி விட்டுப் போடுவேன். வயிறு நிறைஞ்ச ஷார்க்குக்குத் துரத்த ஆர்வம் குறைவு. இது நான் திரும்பத் திரும்பப் பாத்த விஷயம்.

மீன் எங்க வாங்குறதுன்னு கேப்பீங்க. எனக்கு சென்னை கொளத்தூர்தான். வண்ண மீனுக்குன்னு தெருத் தெருவாக் கடையும் பண்ணையும் இருக்குற ஊரு. பக்கத்துலயே பெரம்பூர் ஸ்டேஷன், அங்க ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறினா விடியுறதுக்குள்ள பொம்மிடி. ராத்திரிப் பயணம்ங்கிறதால கவர் சூடாகாது. ஒரு கவர்ல ஒரு ஷார்க்தான் போடச் சொல்லுங்க, ரெட்டைக் கவர், மூணுல ஒரு பங்கு தண்ணி, மீதி ஆக்சிஜன், அதைத் தெர்மாகோல் பெட்டிக்குள்ள வெங்க. வீட்டுக்கு வந்ததும் கொட்டிடக் கூடாது. ஏர் டியூப்ல முடிச்சுப் போட்டு, நம்ம தொட்டித் தண்ணியைச் சொட்டுச் சொட்டா ஒரு மணி நேரமாவது அதுல கலக்க விடணும். சென்னைத் தண்ணிக்கும் நம்ம தண்ணிக்கும் அவ்ளோ வித்தியாசம் இருக்கும்.

இப்போ அண்ணன் பையன் மீனுங்க. கப்பி அவன் தொட்டியிலயே இருக்கு, நல்லா இருக்கு. பங்காசியஸ் ரெண்டையும் என்ன பண்றதுன்னு பேச்சு வந்துச்சு.

"வாணியாறு டேம்ல விட்டுடலாமா அத்தை? அங்க பெருசா வளரட்டும்."

நல்ல மனசுல கேட்டான். ஆனா கூடாதுன்னு உட்கார வெச்சுச் சொன்னேன். வெளிநாட்டு மீனை ஆத்துல, ஏரியில விட்டா அது நம்ம கெண்டை, கெளுத்தி, குரவைக்கெல்லாம் போட்டியா வந்து நிக்கும். ஜிலேபி மீன் வந்து நம்ம நீர்நிலையெல்லாம் எப்படி ஆச்சுன்னு வலை போடுறவங்களைக் கேட்டாச் சொல்லுவாங்க. தொட்டியைச் சுத்தம் பண்ணும்னு வாங்கி, பெருசானதும் ஏரியில விடுற சக்கர் மீனும் இப்போ வலையில மாட்டுது. முள்ளு முள்ளா இருந்து வலையைக் கிழிக்குது. தொட்டி மீன் எதையும், எவ்வளவு பாவமா இருந்தாலும், ஆத்துல விடாதீங்க. தொட்டிச் செடியையும் வாய்க்கால்ல வீசாதீங்க.

ஏற்கெனவே பங்காசியஸ் வளர்க்குற தெரிஞ்சவர் ஒருத்தர் சிமெண்ட் தொட்டி கட்டி வெச்சிருக்காரு, அங்க கொண்டுபோய் விட்டாச்சு. பையனுக்கு வருத்தம்தான். "அப்போ எனக்கு ஷார்க்கே கிடையாதா?"ன்னான். கிடையாதுன்னு சொல்லல. உன் தொட்டிக்கு இல்ல, நாலு அடித் தொட்டி வெக்கிற அன்னைக்கு ஒரு ரெட் டெயில் நானே வாங்கித் தர்றேன், அதுக்குள்ள வாலிஸ்னேரியா வளத்துக் காட்டுன்னு கன்னு புடுங்கிக் குடுத்தேன். நட்டுட்டான்.

இன்னொரு விஷயம். சண்டையே வேண்டாம், ஆனா ஷார்க் உருவம் வேணும்னு கேக்குறவங்களுக்கு நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையிலயே ஒரு மீன் இருக்கு. மிஸ் கேரளா. வெளிநாட்டுல இதை ரோஸ்லைன் ஷார்க்னு விக்கிறாங்க! பக்கவாட்டுல சிவப்புக் கோடும் கருப்புக் கோடும் ஓடும், கூட்டமாப் போறப்போ அம்பு பாயுற மாதிரி இருக்கும். 1865-ல ஃபிரான்சிஸ் டே பேரு வெச்சாரு, அப்போ மெட்ராஸ் கவர்னரா இருந்த டெனிசனோட பேரு. செடித் தொட்டிக்கு அருமையான மீன். ஆனா ஆத்துல இருந்து அள்ளி அள்ளி ஏற்றுமதி பண்ணினதுல இதுவும் அழிவு அபாயப் பட்டியலுக்குப் போயிடுச்சு. பண்ணையில பொரிச்ச குஞ்சா, ஆத்துல புடிச்சதான்னு கடையில கேளுங்க. தெளிவாப் பதில் வரலைன்னா வாங்காதீங்க.

ரெயின்போ ஷார்க் வெச்சிருக்கவங்க, அதுவும் செடித் தொட்டியில வெச்சிருக்கவங்க, எழுதுங்க. என் ஆளை விட அது மணலை அதிகமாத் தோண்டும்னு கேள்விப்படுறேன். எந்தச் செடி தாக்குப் புடிக்குதுன்னு தெரிஞ்சா எனக்கும் உதவும்.